கணிப்பொறி அறையிலும் முதலுதவிப் பெட்டி வேண்டும்

ரசாயன ஆய்வுக்கூடம் உள்ள பாடசாலையில் இரண்டு பொருள்கள் தவறாமல் இருத்தல் வேண்டும். ஒன்று, சுவரில் மாட்டப்பட்ட விதிப் பலகை. அமிலத்தில் நீரை ஊற்றலாகாது, அமிலத்தையே சிறிது சிறிதாக நீரில் சேர்க்க வேண்டும் என்பன போன்ற எச்சரிக்கைகள் அதில் எழுதப்பட்டிருக்கும். மற்றொன்று முதலுதவிப் பெட்டி. அதனருகில் மணல் நிரம்பிய வாளி. மாணாக்கன் ஒருவனுடைய கையில் அமிலம் பட்டுவிட்டால், அவன் எந்த விதியை மீறினான் என்று ஆசிரியர் உடனே விசாரணை தொடங்குவதில்லை. முதலில் அவனைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று நிறைய நீர் விட்டுக் கையைக் கழுவுகிறார். விசாரணையும் அறிவுரையும் பின்னரே வருகின்றன. இம்முறையின் நியாயத்தை விஞ்ஞான ஆசிரியர் எவரும் மறுக்கமாட்டார்.

அதே பாடசாலையின் கணிப்பொறி அறையில் பெரும்பாலும் விதிப் பலகை மட்டுமே காணப்படுகிறது. 'கூடாது' என்று முடியும் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் அதில் உள்ளன. தீங்கு நேர்ந்துவிட்டால் குழந்தை யாரிடம் செல்ல வேண்டும், சென்றால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி அப்பலகை ஒன்றும் கூறுவதில்லை. இக்குறையை நீக்காமல் விதிகளின் எண்ணிக்கையை மட்டும் பெருக்கிக்கொண்டு போவதால் பயன் இல்லை.

இயந்திரத்தைக் காக்க எழுந்த விதிகள்

இக்குறை எவ்வாறு ஏற்பட்டது என்பதை அறிவது எளிது. 1984-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, பிரிட்டனில் உருவாக்கப்பட்ட பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளைப் பாடசாலைகளுக்கு வழங்கியது. அக்காலத்தில் கணிப்பொறி விலைமதிப்பு மிக்க அரிய சாதனம். வெளியுலகுடன் தொடர்பில்லாமல் தனித்து நின்றது. எனவே தூசியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் பழக்கமற்ற கைகளிலிருந்தும் அதனைக் காப்பதே பாடசாலையின் முதற் கவலையாக இருந்தது. காலணியை வெளியே விடுதல், அனுமதியின்றித் தொடாமை போன்ற விதிகள் குழந்தையிடமிருந்து இயந்திரத்தைக் காக்க எழுந்தவை.

இணையம் வந்த பின் நிலைமை தலைகீழாயிற்று. இப்போது காக்கப்பட வேண்டியது இயந்திரமன்று, குழந்தை. கொள்ளைநோய்க் காலத்தில் இம்மாற்றம் முழுமை பெற்றது. 2020 செப்டம்பர் 1-ஆம் தேதி தெலங்கானா அரசாங்கம் தூர்தர்ஷன் யாதகிரி, டி-சாட் ஆகிய ஒளிபரப்புகளின் வழியே அரசுப் பாடசாலை மாணாக்கருக்குப் பாடங்களைத் தொடங்கியது. பாடக் குறிப்புகளும் வீட்டுப் பாடங்களும் கைப்பேசிக்கு வந்தன. பாடசாலையின் எல்லை வீட்டுத் திண்ணை வரை நீண்டது. ஆனால் விதிப் பலகை பூட்டிய அறைக்குள்ளேயே தங்கிவிட்டது.

அவ்வாண்டு ஜூலையில் மத்தியக் கல்வி இலாகா வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், நேரடி இணைய வகுப்புகளுக்குக் கால அளவு வகுத்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிஷம் வரையிலான இரண்டு அமர்வுகள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு அமர்வுகள். கண்ணுக்கும் உடலுக்கும் இத்தகைய அளவு அவசியமே. எனினும், நிமிஷத்தை எண்ணுவது எளிது. அந்த நிமிஷங்களில் குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிவதுதான் கடினம்.

மௌனத்தின் விலை

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, விளையாட்டுச் செயலி ஒன்றில் அறிமுகமான ஒருவருக்குத் தன் புகைப்படத்தை அனுப்பிவிட்டாள் என்று கொள்ளலாம். அதனை மாற்றி ஆபாசமாக்கி, ஊரறியச் செய்வதாக அவர் மிரட்டுகிறார். பாடசாலைப் பலகை 'அறியாதவருடன் பேசக் கூடாது' என்கிறது. வீட்டிலும் அதே கட்டளை. அவள் விதியை மீறியவள். சொன்னால் கைப்பேசி பறிபோகும், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பெயர் அடிபடும், ஒருவேளை படிப்பே நின்றுபோகும். ஆகவே அவள் சொல்வதில்லை. மிரட்டுபவருக்கு வேண்டியது அந்த மௌனமே. குழந்தையைக் காக்க எழுதப்பட்ட விதி, தீயவருக்குத் துணையாக அமைந்துவிடுகிறது.

சட்டம் இவ்விஷயத்தில் பாடசாலையை விடத் தொலைநோக்குடன் நடந்துகொண்டிருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டத்தின்படி, மின்னணுச் சாதனத்தின் வழியே குழந்தையைத் தொடர்ந்து துரத்துவதும், உண்மையான அல்லது புனைந்த படத்தைக் காட்டிப் பாலியல் நோக்குடன் மிரட்டுவதும் குற்றங்கள். அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத பெரியவர் தண்டனைக்கு உரியவர். தெரிவிக்கத் தவறிய குழந்தைக்கோ தண்டனை இல்லை. பேசுவது குழந்தைக்கு எவ்வளவு கடினம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பேச வந்த குழந்தையைத் தண்டிக்கும் பாடசாலை எந்த நியாயத்தைக் காட்ட முடியும்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்துள்ளது என்பதும் நினைவிற்கு உரியது.

ஹைதராபாத் காட்டும் வழி

இத்துறையில் ஹைதராபாத்தில் நடந்துள்ள பணி கவனிக்கத் தக்கது. மத்திய அரசாங்கத்தின் தகவல் பாதுகாப்புக் கல்வி, விழிப்புணர்வுத் திட்டத்தின்கீழ் அந்நகரிலுள்ள சி-டாக் மையம் குழந்தைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் தனித்தனியே கைநூல்களைத் தயாரித்துள்ளது. தெலங்கானாப் போலீஸின் பெண்கள் பாதுகாப்புப் பிரிவு, கல்வி இலாகாவின் ஒத்துழைப்புடன் 2021-ஆம் ஆண்டில் மற்றொரு முயற்சியை மேற்கொண்டது. 33 மாவட்டங்களில் 1,650 அரசாங்கப் பாடசாலைகளிலிருந்து, பாடசாலைக்கு இருவர் வீதம் 3,300 மாணாக்கர் இணையப் பாதுகாப்புத் தூதர்களாகப் பயிற்றப்பட்டனர்.

இம்முயற்சியின் சிறப்பு அதன் எண்ணிக்கையில் இல்லை. குழந்தை தன் இடரை முதன்முதலில் சொல்வது தலைமை ஆசிரியரிடமன்று, பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழியிடமே என்னும் உண்மையை அது அறிந்து நடந்தது. ஆனால் அந்தத் தோழி அடுத்து யாரிடம் செல்வாள்? அங்கே நம்பத்தக்க ஆசிரியர் ஒருவர் இல்லையெனில், தூதர் கொண்டுவந்த செய்தி வாசலிலேயே நின்றுவிடும்.

பெட்டியில் இருக்க வேண்டியவை

கணிப்பொறி அறையின் முதலுதவிப் பெட்டிக்குச் செலவு இல்லை. ஒரு தாள் போதும். அதில் முதலாவதாக எழுத வேண்டியது ஒரு வாக்குறுதி: 'இணையத்தில் உனக்குத் தீங்கு நேர்ந்தால் வந்து சொல், சொன்னதற்காக நீ தண்டிக்கப்பட மாட்டாய்.' அடுத்து, இரண்டு ஆசிரியர்களின் பெயர்கள். அவர்களில் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும். பின்னர், குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கும் பண மோசடிக்கும் 1930. பணம் பறிபோன செய்தி எவ்வளவு விரைவில் தெரிவிக்கப்படுகிறதோ, அவ்வளவுக்கு அதனை வழியில் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

நான்காவது, செய்ய வேண்டியதும் செய்யலாகாததும். வந்த செய்திகளை அழிக்கலாகாது. நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மிரட்டுபவருக்குப் பணமோ மேலும் படமோ அனுப்பலாகாது. ஆசிரியர்களுக்கு இங்கே தனி எச்சரிக்கை தேவை. குழந்தையின் ஆபாசப் படத்தைச் 'சாட்சியம்' என்று கருதித் தலைமை ஆசிரியருக்கோ பெற்றோர் குழுவிற்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புதல் பெரும் பிழை. அத்தகைய படத்தைப் பரப்புவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவு, முதன்முறைக்கே ஐந்தாண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. சாதனத்தை உள்ளபடியே பாதுகாத்துப் போலீஸாரிடம் ஒப்படைப்பதே முறை.

இத்தாள் குழந்தை வீட்டில் பேசும் மொழியில் இருத்தல் அவசியம். ஹைதராபாத்தில் ஒரே வீதியில் தெலுங்கும் உருதுவும் ஹிந்தியும் ஒலிக்கின்றன. செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. அச்சத்தில் இருக்கும் குழந்தை, அகராதியைப் புரட்டிக்கொண்டு உதவி தேடாது.

ஆசிரியருக்கும் விதி உண்டு

ஆய்வுக்கூடத்தில் மாணாக்கருக்குள்ள விதி ஆசிரியருக்கும் உண்டு. கணிப்பொறி அறையிலும் அவ்வாறே. வகுப்பு முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிவைக்கும் ஆசிரியர், கடவுச்சொல்லின் மறைவைப் பற்றிப் போதிக்க இயலாது. மாணாக்கரின் மதிப்பெண்ணையும் புகைப்படத்தையும் குழுக்களில் தாராளமாகப் பகிரும் பாடசாலை, அந்தரங்கத்தைப் பற்றிப் பேச இயலாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத ஒவ்வொருவரையும் குழந்தை என்றே கருதுகிறது. புதிய கல்விச் செயலி ஒன்றை வகுப்பிற்குப் பரிந்துரைக்கும் முன், அது குழந்தையிடமிருந்து எதைப் பெறுகிறது என்று கேட்பது ஆசிரியரின் கடமை.

இவ்வாறு மன்னித்தால் கட்டுப்பாடு குலையும் என்று சிலர் கூறக்கூடும். தீங்கடைந்து சொல்ல வந்த குழந்தைக்கே இந்த வாக்குறுதி. பிறரைத் துன்புறுத்திய மாணாக்கனுக்கு அன்று. அவன் தன் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அவனுக்கும் திருந்தும் வழி காட்டப்பட வேண்டும். புண்ணைக் கழுவிய பிறகு, அமிலத்தைக் கையாளும் முறையை மீண்டும் கற்பிப்பதை எந்த ஆசிரியரும் விட்டுவிடுவதில்லை.

பாடசாலைகளைப் பார்வையிடும் உத்தியோகஸ்தர்கள் கணிப்பொறிகள் எத்தனை, அவற்றில் இயங்குபவை எத்தனை என்று பதிவேட்டில் குறிப்பது வழக்கம். இனி ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வது நலம். மாணாக்கர் ஒருவரைத் தனியே அழைத்து, 'இணையத்தில் உனக்கு ஒரு தொல்லை வந்தால் இப்பாடசாலையில் யாரிடம் சொல்வாய்?' என்று கேட்க வேண்டும். தயக்கமின்றி ஒரு பெயர் வந்தால், அப்பாடசாலையில் விதி உயிரோடு இருக்கிறது. குழந்தை சுவரிலுள்ள பலகையைப் பார்த்தால், அங்கே செய்ய வேண்டிய பணி இன்னும் தொடங்கப்படவில்லை.