பதவியை உதறிய தயாரிப்பாளர்



தொலைக்காட்சித் திரையில் தோன்றுவோரின் பெயர்களை நம் வீட்டுச் சிறுவர்கள்கூட ஒப்பிப்பார்கள். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று திரைக்குப் பின்னிருந்து தீர்மானிப்பவரை நாம் அறிவதில்லை. அத்தகையோருள் ஒருவர் அமெரிக்காவின் ஃபிரெட் ஃபிரெண்ட்லி.

1915-ல் நியூயார்க்கில் பிறந்த அவர் வானொலியில் தொழில் பழகினார். 1951-ல் எட்வர்ட் மர்ரோ என்னும் புகழ்பெற்ற செய்தியாளருடன் சேர்ந்து, சி.பி.எஸ். நிறுவனத்தில் ‘சீ இட் நவ்’ நிகழ்ச்சியைத் தொடங்கினார். அக்காலத்தில் செனட்டர் மெக்கார்த்தி, கண்டவர்களையெல்லாம் கம்யூனிஸ்டுகள் என்று பழி சுமத்தி நாட்டையே அச்சுறுத்திக் கொண்டிருந்தார். 1954 மார்ச் 9 அன்று இவ்விருவரும் அவருடைய பேச்சுகளையே தொகுத்து ஒளிபரப்பினர். அவரது நாவே அவருக்கு எதிர்ச்சாட்சியாயிற்று! நிறுவனம் விளம்பரம் செய்ய முன்வராததால், தம் கைப்பணத்தைக் கொடுத்துப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள் இருவரும்.

1964-ல் செய்திப் பிரிவின் தலைவர் பதவி ஃபிரெண்ட்லியைத் தேடி வந்தது. இரண்டே ஆண்டுகளில் அதை அவர் உதறினார். ஏன் தெரியுமா?

வியட்நாம் போர் மூண்டிருந்த நேரம். 1966 பிப்ரவரியில் செனட்டின் வெளியுறவுக் குழு, ஃபுல்பிரைட் தலைமையில் அப்போரைப் பற்றிப் பகிரங்க விசாரணை நடத்தியது. 10-ஆம் தேதி, மாஸ்கோவில் தூதராக இருந்த ஜார்ஜ் கென்னன் சாட்சியமளித்தார். என்.பி.சி. அதை நேரடியாகக் காட்டியது. சி.பி.எஸ். திரையிலோ ‘ஐ லவ் லூசி’ என்னும் பழைய நகைச்சுவைத் தொடர் மறுபடியும் ஓடியது!

விளம்பர வருவாய் ஒரு காரணம். அதனுடன் இன்னொன்றும் சொல்லப்பட்டது: பகல் நேரத்தில் பார்ப்பவர்கள் இல்லத்தரசிகள்; அவர்களுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லையாம்!

சகோதரிகளே, இதைச் சற்று நின்று படியுங்கள். 1965 முடிவில் வியட்நாமில் நின்ற அமெரிக்கப் படையினர் 1,80,000-க்கும் மேல். அவர்களைப் பெற்றவர்கள் யார்? மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு அடுப்படியில் நிற்கும் தாய்க்கு, அந்தப் போர் எதற்காக என்று அறிய நாட்டமிராதா? வருவாய் நோக்கத்தையாவது வணிகர்களின் இயல்பு என்று விட்டுவிடலாம். இந்தக் காரணந்தான் நம் நெஞ்சை உறுத்துகிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்கு முந்தைய சில அமர்வுகளை அதே நிறுவனம் நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு ஒளிபரப்பியிருந்தது. மேலும், அந்நாட்களில் ஃபிரெண்ட்லிக்கு மேலே புதிய அதிகாரி ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். கென்னனின் சாட்சியம் வேண்டாம் என்று முடிவு செய்தவரும் அவரே. அந்த மனக்கசப்பும் விலகலில் கலந்திருக்கத்தான் செய்தது. ஆயினும், அதைச் சகித்துக்கொண்டு நாற்காலியில் நீடிக்கவும் அவரால் முடிந்திருக்கும் அல்லவா?

அதன்பின் ஃபோர்டு அறக்கட்டளையில் பணியாற்றி, விளம்பரத்தை நம்பியிராத பொதுத் தொலைக்காட்சி வளர்வதற்குத் துணைநின்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தார். 1998-ல் காலமானார்.

பதவி விலகிய கதையை 1967-ல் நூலாக எழுதினார். ஒளிபரப்பு தடைப்படும்போது, ‘எங்கள் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களால்’ என்று நிலையத்தார் வருத்தம் தெரிவிப்பார்களே, அந்த வாசகத்தையே அந்நூலுக்குப் பெயராக வைத்தார்.