ட்ரோன் கண்ணுக்குத் தண்ணி தெரியாது

மழைக்காலம் முடிஞ்சு நாத்துக்குத் தண்ணி ஊத்துற வேலை ஆரம்பிச்சிருச்சு. அதனால எழுதி நாளாச்சு. இன்னிக்குக் கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறேன். படிச்சிட்டுத் திட்டுறவங்க தாராளமாத் திட்டுங்க.

கொஞ்ச நாளா என் போனைத் திறந்தா நம்ம தீவைப் பத்தின வீடியோவா வந்து விழுது. "கடல் பார்த்த மனை", "பாம்பன் பாலத்துக்கு மிக அருகில்", "புண்ணிய பூமியில் உங்களுக்கும் ஓர் இடம்". ட்ரோன் மேல ஏறுது. ஒரு பக்கம் பச்சைக் கடல், இன்னொரு பக்கம் நீலக் கடல், நடுவுல தென்னை. பின்னாடி பாட்டு ஓடுது. கீழே போன் நம்பர். எங்கேயோ வெளிநாட்டுல உக்காந்திருக்கிற ஒருத்தர் லொக்கேஷன் அனுப்பச் சொல்லி, மேப்பை ரெண்டு விரலால பெருசாக்கிப் பார்த்து, அட்வான்ஸையும் போட்டு விட்டுடுறார். மண்ணுல கால் வைக்கல. கிணத்துல ஒரு கை தண்ணி அள்ளி வாயில ஊத்திப் பார்க்கல.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். இந்தத் தீவு உசுரோட இருக்கிறது மணலுக்கு அடியில கிடக்கிற நல்ல தண்ணியால. அது எந்தக் கேமராவுலயும் விழாது. கேமராவுல விழாததை இல்லாததாவே நினைச்சு வாங்குறதும் விக்கிறதும் கட்டுறதும் அனுமதி கொடுக்குறதும் இப்படியே நடந்தா, கொஞ்ச காலத்துல வீடியோவுல இருக்கிற பாம்பன் மட்டும்தான் மிஞ்சும். நாம குடியிருக்கிற பாம்பன் மிஞ்சாது.

வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்காக இந்தத் தண்ணி விஷயத்தை முதல்ல விளக்கிடுறேன். எங்க தீவுல ஆறு கிடையாது. சுத்திலும் உப்புக் கடல். ஐப்பசி, கார்த்திகையில பெய்யிற மழை மணல் வழியா இறங்குது. அடியில ஏற்கனவே உப்புத் தண்ணி இருக்கு. உப்புத் தண்ணி கனம், மழைத் தண்ணி எடை கம்மி. அதனால நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல, பால் மேல ஆடை மாதிரி, மிதந்துக்கிட்டு நிக்குது. அந்த ஆடையைத்தான் நாம வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துப் பொழைக்கிறோம்.

மத்த ஊர்ல தண்ணி இல்லேன்னா இன்னும் ஆழமாப் போர் போடுவாங்க. இங்க அது தலைகீழ். மேலாகத் தோண்டினா நல்ல தண்ணி, ஆழமாப் போனா உப்பு. இதுக்கு நூறு வருஷத்துக்கு முந்தியே ஹாலந்து, ஜெர்மனி கடற்கரையில கணக்குப் போட்டு வச்சிருக்காங்க. நல்ல தண்ணி மட்டம் ஒரு அடி இறங்கினா, அடியில உப்புத் தண்ணி சுமார் 40 அடி மேல ஏறி வரும். ஒரு அடிக்கு நாப்பது அடி. வட்டிக்கு விடுறவன்கூட இப்படிக் கேக்க மாட்டான்.

இந்தக் கணக்கைப் படிக்காமலேயே நம்ம பெரியவங்க தெரிஞ்சு வச்சிருந்தாங்க. ராமேஸ்வரம் கோயிலுக்குள்ள 22 தீர்த்தம். கடல் கூப்பிடு தூரத்துல இருக்கு, உள்ளே வாளி வாளியா இறைச்சுத் தலையில ஊத்துறாங்க. தங்கச்சிமடத்துக்குப் பக்கத்துல வில்லூண்டி தீர்த்தம், கடலுக்குள்ளேயே நல்ல தண்ணிக் கிணறு. தனுஷ்கோடியில 1964 டிசம்பர் புயல்ல ஊரே போச்சு, ரயிலே போச்சு. அப்புறமும் அங்க குடிசை போட்டு இருக்கிற மீனவப் பொம்பளைக, கரையில மணலைக் கையால தோண்டி ஊத்துல இருந்து அகப்பையில மோந்து குடம் நிறைக்கிறாக. எத்தனை அடி தோண்டணும், எப்ப நிறுத்தணும்னு அவுகளுக்குத் தெரியும். அவசரப்பட்டு அள்ளினா கரிச்சிரும். ஊரைத் தெரிஞ்சுக்கிறதுன்னா எனக்கு அதுதான்.

என் பொழப்பும் அந்தத் தண்ணியிலதான் ஓடுது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாத்துப் போடுறோம். மணல் பாத்தி கட்டி, குச்சியை நட்டு, வேர் பிடிக்கிற வரைக்கும் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்க்கணும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது. சந்தோஷம். ஆனா மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நாத்து எங்க இருந்து போகுதுன்னு பூ வைக்கிறவங்களுக்குத் தெரியாது. எங்க மணல்ல இருந்துதான் போகுது. மல்லிகை நாத்துக்கு உப்பு ஆகாது. தண்ணி லேசாக் கரிச்சாலே இலை ஓரம் கருகும், அப்புறம் வேர் அடங்கிரும்.

எங்க தோட்டத்துக்குக் கிழக்கால ஒரு துண்டு இடம் கை மாறுச்சு. வாங்கினவர் வீடியோ பார்த்து வாங்கினவர். தங்குற விடுதி கட்டப் போறாராம். வந்ததும் முதல் வேலையா ஆழமா ஒரு போரைப் போட்டு, ராப்பகலா மோட்டாரை ஓட விட்டார். அடுத்த சித்திரையிலேயே என் கிணறு கரிக்க ஆரம்பிச்சிருச்சு. போய்ச் சொன்னேன். அவர் மேல எனக்குத் தனிப்பட்ட விரோதம் இல்ல, மரியாதையாத்தான் பேசினார். "அண்ணே, என் இடத்துல நான் போட்டிருக்கேன், உங்க இடத்துக்குள்ள வரலையே"ன்னு போனை எடுத்து மேப்பைக் காட்டுறார். அதுல கோடு சுத்தமா இருக்கு. அவர் பக்கம் அவர், என் பக்கம் நான். தண்ணிக்கு அந்தக் கோடு தெரியுமா?

இங்கதான் சிக்கல். போன் ஒரு ஊரை ஒரு புள்ளியாவும் ஒரு படமாவும் காட்டுது. புள்ளிக்கு வழி சொல்லும், படத்துக்கு லைக் வாங்கும். அதுக்கு மேல அதுக்குத் தெரியாது. 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு திறந்த பிறகு கார் கார்னு வருது. அங்க போய் நின்னா சில போன்ல "இலங்கைக்கு நல்வரவு"ன்னு மெசேஜ் வரும். அந்தக் கரை டவர் பிடிச்சிருச்சு, அவ்வளவுதான். நாம நிக்கிறது எந்த நாடுன்னே தடுமாறுற பெட்டியை நம்பி, கால் காணி நிலம் வாங்குறாங்க.

மழையும் அப்படித்தான். போன்ல பார்த்தா மாவட்டம் முழுக்க ஒரே மேகப்படம். 2024 நவம்பர் 20-ம் தேதி நெனப்பு இருக்கா? ராமேஸ்வரத்துல மட்டும் 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டித் தீர்த்துச்சு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நம்ம பாம்பன்ல அதை விட ரொம்பக் குறைவு. ஒரே தீவுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். இடம்னா அவ்வளவு நுணுக்கம்.

இந்தத் தீவுக்கு மூணு பாலம் வந்துச்சு. 1914-ல் ரயில் பாலம், 1988-ல் ரோட்டுப் பாலம், 2025 ஏப்ரல் 6-ம் தேதி புது ரயில் பாலம். மூணுலயும் வந்தவங்க வந்து இறங்கினாங்க. வேர்த்தாங்க, கடைக்காரரோட பேசினாங்க, தண்ணி கேட்டுக் குடிச்சாங்க. போன் நாலாவது பாலம். இதுல யாரும் இறங்குறதே இல்ல. நேர்ல வந்தவங்களும் ரோட்டுப் பாலத்துல வண்டியை நிறுத்தி, ஏற்கனவே போன்ல பார்த்த அதே படத்தை இன்னொரு தடவை எடுத்துக்கிட்டுப் போறாங்க. பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தாலும் நகர மாட்டேங்குறாங்க.

பட்டணத்துல இது முன்னாடியே நடந்து முடிஞ்சிருச்சு. சென்னை மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு இருக்கு. ஏரியைக் காணோம். நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியா இருக்கு. அங்கேயும் ஏரி இல்ல. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிக்கிறதும் அந்த ஏரி கிடந்த பக்கம்தான். அது போன் இல்லாத காலம், அதனால எல்லாப் பழியையும் போன் மேல போட மாட்டேன். ஆனா அப்ப இடம் வாங்கினவன் ஒரு தடவையாவது மழையில நடந்து வந்து பார்த்தான். இப்ப வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வீடு வாங்குறவங்க ஆபீஸுக்கு எத்தனை நிமிஷம்னு மேப்புல பார்க்கிறாங்க. சதுப்பு எது, ஏரி வடிகால் எதுன்னு பார்க்கல. 2015-லயும், 2023 மிக்ஜாம் புயலப்பவும் தண்ணி தன் பழைய இடத்தைத் தேடிக்கிட்டு வந்துச்சு. தண்ணி மேப் பார்த்து வராது.

எங்க பய சென்னையிலதான் இருக்கான். மூணு வருஷமா ஒரே வீடு. பக்கத்துத் தெரு பேர் என்னடான்னு கேட்டா போனை எடுக்கிறான். குடிக்கிற தண்ணி எங்க இருந்துடா வருதுன்னா, "கேன் போடுவாங்கப்பா"ங்கிறான். அவனைக் குத்தம் சொல்லல. அந்த ஊரு அவனைத் தெரிஞ்சுக்க விடல. அதே வாழ்க்கை இப்ப நம்ம தீவுக்கு வருதுங்கிறதுதான் என் பயம்.

"போன்ல எழுதிக்கிட்டே போனைத் திட்டுறியா"ன்னு கேப்பீங்க. நாத்து ஆர்டர் எனக்கு வாட்ஸ்அப்லதான் வருது. பணம் ஜிபேயில வருது. கருவி மேல எனக்குக் கோபம் இல்ல. 2016-ல் இருந்து நம்ம பாம்பன்ல கடல் ஓசை எஃப்.எம். 90.4 ஓடுது. கடல் நிலவரம், மீன், மீனவர் பாடு எல்லாம் நம்ம பேச்சுலயே பேசுறாங்க. அதுவும் கருவிதான். அது ஊருக்குள்ள நின்னு ஊரோட பேசுது. ட்ரோன் மேல நின்னு பார்த்துட்டுப் போகுது. வித்தியாசம் அவ்வளவுதான்.

"இடத்தை வித்தவன் நம்ம ஆளுதானே"ன்னும் கேப்பீங்க. ஆமா. மக கல்யாணம், கடன், வைத்தியம். நாத்துல வர்ற காசு அதுக்குப் பத்தாது. வித்தவரை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா வித்தது மேல இருக்கிற மணலை. அடியில இருக்கிற தண்ணி அவரோடது மட்டும் இல்ல, அதை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

"காவிரித் தண்ணி குழாயில வருதே"ம்பாங்க. வருது. திருச்சிப் பக்கத்துல இருந்து அவ்வளவு தூரம் வருது. குடிக்கவும் சமைக்கவும் சரி. அதை வச்சு நாத்துக்கு ஊத்த முடியுமா, தென்னைக்குப் பாய்ச்ச முடியுமா? குழாய்ல வரலேன்னா அன்னிக்கு என்ன செய்வோம்? ஒரு தடவை உப்பு ஏறின மணல் திரும்ப இனிக்கிறதுக்கு எத்தனை மழை வேணுமோ.

சரி, திட்டினது போதும். என்ன செய்யலாம்னு சொல்றேன்.

இடம் வாங்க நினைக்கிறவங்களே, தை மாசம் குளிர்ல வந்து பார்க்காதீங்க. வைகாசியில வாங்க. அக்கம்பக்கத்துக் கிணத்துல மூணு இடத்துல தண்ணி குடிச்சுப் பாருங்க. விக்கிறவங்க திரையில டிடிசிபி அனுமதி, ரெரா நம்பர் எல்லாம் போடுவாங்க. கிணத்துத் தண்ணி எப்படின்னு ஒரு வரி கேளுங்க. பதில் என்ன வருதுன்னு பாருங்க.

அதிகாரிகளே, கோப்புல கோடு சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீங்க. இந்தத் தீவுல விடுதியோ மனைப்பிரிவோ வரணும்னா, கோடையில ஒரு ஆள் நேர்ல வந்து தண்ணியை அளக்கணும். போர் இத்தனை அடிக்கு மேல போகக்கூடாதுன்னு எழுதி வைக்கணும்.

ரீல்ஸ் போடுற தம்பிகளா, தங்கச்சிகளா, உங்க கையில இருக்கிற அதே போனால ஒரு நல்ல காரியம் செய்யலாம். தண்ணியில உப்பு அளக்கிற சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது. ஊர்ல இருக்கிற ஒவ்வொரு கிணத்தையும் மாசம் ஒரு தடவை அளந்து, அதே மேப்புல போடுங்க. எந்தக் கிணறு இனிக்குது, எது கரிக்குது, எந்த மாசத்துல இருந்து கரிக்குதுன்னு உலகமே பார்க்கட்டும். பச்சைக் கடலை எல்லாரும் எடுத்தாச்சு. இதை இன்னும் யாரும் எடுக்கல.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்னிக்கு நம்ம மாநிலத்துல கிராம சபை கூடுது. நம்ம ஊராட்சியிலயும் கூடும். பாதி நாற்காலி காலியாக் கிடக்கும், கையெழுத்து மட்டும் நிறைய இருக்கும். இந்தத் தடவை நான் என் கிணத்துத் தண்ணியை ஒரு பாட்டில்ல கொண்டு போய் மேஜை மேல வைக்கப் போறேன். தலைவரும் அதிகாரியும் ஆளுக்கு ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டுப் பேசட்டும். தங்கச்சிமடத்து ஆளுகளும் உங்க ஊராட்சியில இதையே செய்யுங்க. பாட்டில்ல யார் கிணறுன்னு பேர் எழுதி ஒட்ட மறக்காதீங்க.