பெரும்போர் நாளும் பிற நாள்களும்

கல்வியிற் சிறந்த நாடு என்று யாழ்ப்பாணத்தைப் புகழ்வார் பலர். விளையாட்டிற் பித்தேறிய நாடு என்று கூறுவார் சிலரே. ஆயினும், மாசி பங்குனி மாதங்களில் எமது நகர வீதிகளில் நடந்து பார்த்தவர்கள் இரண்டாவது கூற்றையும் மறுக்கமாட்டார்கள். கொடி கட்டிய ஊர்திகள் ஒருபுறம். வாத்திய முழக்கம் ஒருபுறம். கல்லூரி நிறத்திற் சட்டையணிந்த முதியோரும் சிறுவரும் ஒருபுறம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறை பெற்று வந்த பழைய மாணவர்கள், நாற்பதாண்டுப் பழமையான ஓர் ஆட்டத்தை நேற்று நடந்ததுபோற் கூறி வாதிடுவர். இவ்விழாக் கோலத்தை நாமும் விரும்புவோமே யன்றி வெறுப்போமல்லோம்.

ஆயினும், யூபிலி மலரிலே எழுத வாய்த்த இத்தருணத்தில், விளையாட்டு இரசிகர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் அனைவரையும் நோக்கி ஒரு வினாவை எழுப்ப விரும்புகின்றோம். எம்மையும் அவருள் ஒருவராக வைத்தே வினவுகின்றோம். 'எமது அணி, எமது அணி' என்று வாயோயாது கூறுகின்றோமே, அஃது எதனால் எமது அணியாகின்றது?

இந்துக் கல்லூரி மாணவருக்கு இவ்வினா இளமையிலேயே எழுந்த ஒன்றாகும். யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடும் 'வடக்கின் பெரும்போர்' 1904 ஆம் ஆண்டிலே தொடங்கியது. புனித பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடும் 'பொன் அணிகளின் போர்' 1917 ஆம் ஆண்டிலே தொடங்கியது. நான்கும் கிறித்தவ மிசன் வழிவந்த கல்லூரிகள். 1890 ஆம் ஆண்டிலே சைவப் பெருமக்களின் முயற்சியால் நிலைபெற்ற எமது கல்லூரிக்கு அவ்விரு போர்களிலும் இடமில்லை. நாம் மாணவராயிருந்த நாளில், மத்திய கல்லூரி மைதானத்திலே பெரும்போர் பார்க்கச் செல்வோம். சென்றவர்களுட் பாதிப் பேர் மத்திய கல்லூரியின் பக்கம். மறுபாதிப் பேர் பரியோவானின் பக்கம். தம் வீட்டிற் கலியாணம் இல்லாதவர்கள் அயல் வீட்டுக் கலியாணத்துக்குச் சென்று, பெண் வீட்டார் என்றும் மாப்பிள்ளை வீட்டார் என்றும் தாமே பிரிந்துகொள்வது போன்ற ஒரு வேடிக்கை அது.

அங்கே ஓர் உண்மையைக் கற்றோம். பிறர் அணிக்காக ஆரவாரித்தல் மிக எளிது. அவ்வணி தோற்றாலும் அன்றிரவு உறக்கம் கெடுவதில்லை. கொக்குவில் இந்துக் கல்லூரியுடன் எமது கல்லூரி ஆடும் ஆட்டமோ அத்தகையதன்று. எல்லைக்கோட்டருகே எமது பையன் ஒருவன் கைக்கெட்டிய பந்தை நழுவவிட்டால், அவன் கையை விட்டு நழுவியது பந்து. எமது நெஞ்சை விட்டு நழுவியது உயிர். தோல்வியின் நோவு எவருக்கு உண்டோ அவருக்கே அணி உரியது என்று அன்று முடிவு கட்டினோம். அது பாதி உண்மையே என்பதை உணரப் பல ஆண்டுகள் சென்றன.

மற்றைப் பாதியை உணர்த்தியவற்றுள் ஒன்று, யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய தொழில்முறைத் துடுப்பாட்ட அணியாகும். 2020 ஆம் ஆண்டிலே லங்கா பிரிமியர் லீக் தொடங்கியபோது ஸ்ராலியன்ஸ் என்ற பெயரிலும், அடுத்த ஆண்டு முதல் கிங்ஸ் என்ற பெயரிலும் ஆடிய அவ்வணி, 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் கிண்ணத்தை வென்றது. ஒவ்வொரு வெற்றியின்போதும் நாம் மகிழ்ந்தோம். மத்திய கல்லூரியில் உருவான வியாஸ்காந்த் 2020 இல் தமது பதினெட்டாம் வயதிலே அவ்வணிக்கு ஆடி, அஞ்சலோ மத்தியூசை ஆட்டமிழக்கச் செய்தபோது, எமது வீட்டுப் பிள்ளையே பந்து வீசியதாகக் கருதினோம். இவையெல்லாம் மெய்யே. ஆயினும், அந்நான்கு ஆண்டுகளிலும் அவ்வணி யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டமேனும் ஆடியதில்லை. அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் வென்ற கிண்ணங்களை நாம் தொலைக்காட்சியிலே கண்டோம். எமது ஊரின் பெயர் அதன் சட்டையில் இருந்தது. எமது ஊரின் புழுதி அதன் காலில் ஒட்டவில்லை. அதனை இகழ நாம் இதனைக் கூறவில்லை. பெயரால் மட்டும் ஓர் அணி எமதாகிவிடாது என்பதே எமது கருத்து.

இனி, புழுதி ஒட்டிய அணிகளைப் பார்ப்போம். குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங்ஹென்றிசியன்ஸ், மயிலங்காடு ஞானமுருகன், ஊரெழு றோயல், வதிரி டயமன்ஸ் என்னும் உதைபந்தாட்டக் கழகங்களின் பெயர்களை அறியாத இரசிகர் குடாநாட்டில் இரார். நாவாந்துறையிலோ குருநகரிலோ மாலை நேரத்தில் ஓர் ஆட்டத்தைச் சென்று பாருங்கள். கடலிலிருந்து கரையேறிய தந்தையர், வலையைப் பிரித்துக் காயவிட்ட கையோடு வந்து கோட்டருகே நிற்பர். அவருள் ஒருவர் எதிரணியின் முன்கள வீரன் எந்தக் காலால் உதைப்பான் என்பதைக் கூறுவார். இன்னொருவர் அவன் தந்தையும் அதே காலால்தான் உதைத்தார் என்று திருத்துவார். ஆவரங்காலிற் கரப்பந்தாட்டமும் இவ்வாறே. கரப்பந்தாட்டம் 1991 ஆம் ஆண்டிலே இலங்கையின் தேசிய விளையாட்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆவரங்கால் மக்களோ அப்பிரகடனத்துக்குக் காத்திருக்கவில்லை. இவ்வூர்களில் அணிக்கும் இரசிகருக்கும் இடையே வேலி இல்லை. பந்தைத் தேடி எடுத்துக் கொடுப்பவன், நாளைய பந்துகாப்பாளன். கோடு கீறுபவர், நேற்றைய அணித்தலைவர். பெரும்போர் என்று ஒருநாளை அவர்கள் தனியே ஒதுக்குவதில்லை. அவர்களுடைய அணி அவர்களுடையதாவது, வெறும் நாள்களிலும் அவர்கள் அங்கே நிற்பதாலேயே யாகும்.

வெறும் நாள்கள் என்றோம். அவற்றின் அருமையை எமது தலைமுறையை விட அறிந்தவர் எவர்? 1990 ஆம் ஆண்டிலே கோட்டையைச் சூழ்ந்த வெளிகள் போர்க்களமாயின. அதே ஆண்டிலே தெல்லிப்பழை மக்கள் இடம்பெயர, மகாஜனக் கல்லூரியும் தன் மைதானத்தை விட்டுப் பெயர்ந்தது. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவில் எழுந்து நடந்தது. வடக்கின் பெரும்போரும் போர்க்காலத்திற் சில ஆண்டுகள் நடைபெறாது நின்றது. மெய்யான போர் வந்தபோது, போர் என்று நாம் விளையாட்டாகப் பெயரிட்டவை ஒடுங்கிப் போயின. துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்தும் பணி 1999 ஆம் ஆண்டிலே நடைபெற்ற வேளையில், மண்ணின் அடியிலிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இந்திய அரசின் உதவியாற் புதுப்பிக்கப்பெற்று அவ்வரங்கு 2016 இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அப்புற்றரையில் ஓடும் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்? அறியாமலே அவர்கள் ஓடட்டும். அறிந்த நாம் மறவாதிருப்போம்.

அக்காலத்திலே எமக்கு எதன்மீது ஏக்கம் பிறந்தது? கிண்ணத்தின்மீதன்று. வெற்றியின்மீதுமன்று. வெள்ளிக்கிழமை பின்னேரம் மணியடித்ததும் புத்தகங்களை வீசிவிட்டு மைதானத்துக்கு ஓடும் அந்தச் சாதாரண நாளின்மீதே ஏக்கம் பிறந்தது. ஆட வருவதாகச் சொன்ன அயற் கல்லூரிப் பையன்கள் வந்து சேர்வார்களா என்று வீதியைப் பார்த்து நிற்பதும் அந்நாளின் ஒரு பகுதியே. எதிரணி வாராவிடின் எமது அணியும் இல்லை என்பதை அக்காலமே கற்பித்தது. கொக்குவிலார் இன்றேல் எமக்கு வெற்றியேது? பரியோவான் இன்றேல் மத்திய கல்லூரிக்குப் பெரும்போரேது? எதிரணி என்பது எமது அணியின் மறுபாதியாகும்.

இவ்வுண்மையை யாழ்ப்பாணம் முன்னரே அறிந்திருந்தது. 1958 ஆம் ஆண்டிலே தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விழாக்களில் இலங்கை பெற்ற முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். அவர் மத்திய கல்லூரியின் மைந்தர். எமது கல்லூரியின் மாணவரல்லர் என்ற காரணத்தால் அப்பதக்கத்தின் ஒளி எமக்குக் குறைந்ததா? இல்லையன்றோ? அண்மைக் காலத்திலே மகாஜனக் கல்லூரிப் பெண் பிள்ளைகள் அகில இலங்கை உதைபந்தாட்டப் போட்டிகளில் வென்று திரும்பியபோதும் இவ்வாறே மகிழ்ந்தோம். இடம்பெயர்ந்து மீண்ட ஒரு கல்லூரியின் பிள்ளைகள் அவர்கள் என்பதை எண்ணியபோது, மகிழ்ச்சியோடு கண்ணீரும் வந்தது.

இத்துணை விலை கொடுத்து மீட்ட சாதாரண நாள்களை இன்று நாம் என்ன செய்கின்றோம்? இதுவே எமது குறை. பெரும்போர் ஒன்று நிறைவுற்ற சில வாரங்களின் பின், ஒரு கல்லூரி மைதானத்திலே பதினைந்து வயதுக்குட்பட்டோர் ஆட்டமொன்றைக் காண நேர்ந்தது. கல்லூரியின் பெயர் வேண்டியதில்லை. எந்தக் கல்லூரிக்கும் இது பொருந்தும். பார்வையாளரை எண்ணினோம், தேநீர் கொண்டுவந்தவரையும் சேர்த்துப் பதினொருவர். ஒரு சிறுவன் மிகப் பொறுமையாக ஆடி ஐம்பதாவது ஓட்டத்தைப் பெற்றான். துடுப்பை உயர்த்தினான். உயர்த்தியபின் யாரை நோக்கி உயர்த்துவது என்று அறியாது, வெறும் கொட்டகையை நோக்கி நின்றான். எமது இரு கைகளும் தட்டிய ஓசை எமக்கே நாணத்தை விளைத்தது. அவனுடைய நண்பர்கள் எங்கே என்று வினவினோம். தனியார் கல்வி நிலையங்களில் என்று விடை வந்தது. அவனும் அடுத்த ஆண்டு ஆடமாட்டான் என்றும், சாதாரண தரப் பரீட்சை வருகின்றது என்றும் கூறினர்.

பெற்றோரை நாம் பழிக்கவில்லை. நிலமும் தொழிலும் நிலையற்றுப் போன நாட்டிலே கல்வி ஒன்றையே கைப்பொருளாகக் கண்டவர்கள் அவர்கள். ஆனால், பெரும்போருக்கு ஆயிரமாயிரம் மைல் கடந்து வரும் நாம், அந்த ஐம்பது ஓட்டங்களுக்கு அரை மைல் நடந்து போவதில்லை. ஒரு பிள்ளையை மைதானத்தில் நிறுத்துவது பெருநாளின் முழக்கமன்று. அவன் பெயரைத் தெரிந்த நான்கு பெரியவர்கள் வெறும் நாளில் வந்து அமர்ந்திருப்பதே.

எமது குற்றம் ஒன்றையும் மறைக்காது கூறுவோம். முன்னொருகால் எமது அணி தோற்ற ஓர் ஆட்டத்திலே, மத்தியஸ்தரை நோக்கி எல்லைக்கோட்டில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மறுநாள் அம்மத்தியஸ்தரைக் கடைத்தெருவிற் கண்டோம். அவர் முறுவலித்து, 'தம்பி, அடுத்த கிழமை கீழ்ப்பிரிவு ஆட்டத்துக்கு மத்தியஸ்தர் இல்லை. வந்து நில்லுமன்' என்றார். நாம் போகவில்லை. ஏசுவதற்கு நேரம் இருந்தது, நிற்பதற்கு இருக்கவில்லை. அன்று எமக்கு இரசிகர் என்ற பெயர் பொருந்தியதா என்பதை வாசகர்களே தீர்ப்பாராக.

மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானம் ஒன்றுக்கு 2025 செப்ரெம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது நிறைவேற வேண்டும் என்றே நாமும் விழைகின்றோம். ஆனால், அம்மைதானத்தில் ஆடவேண்டியவன் இன்று வெறும் கொட்டகையை நோக்கித் துடுப்பை உயர்த்தி நிற்கின்றான். அவன் ஆட்டத்தை விட்டுவிட்டால், பிற நாட்டார் ஆட நாம் பார்த்திருக்கும் இடமாகவே அப்பெருமைதானமும் முடியும்.

ஆதலின், பழைய மாணவர்களிடம் சில சிறு வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். ஒவ்வோராண்டும் கல்லூரியை விட்டு வெளியேறிய அணியினர், கீழ்ப்பிரிவு ஆட்டம் ஒன்றையேனும் தம் பொறுப்பாக ஏற்று, அன்று மைதானத்துக்கு வருவாராக. முன்னாள் வீரருட் சிலர் மத்தியஸ்தராகவும் புள்ளி பதிவோராகவும் பயிற்சி பெறுவாராக. இடப்பெயர்வுகளிலே கழகங்கள் பலவற்றின் பதிவேடுகள் அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடிப் பிரதி செய்வாராக. வெளிநாட்டிலுள்ளோர் விருந்துக்கும் அலங்காரத்துக்கும் செலவிடும் தொகையில் ஒரு கூற்றை, பந்துக்கும் பாய்க்கும் பிள்ளைகளின் போக்குவரத்துச் செலவுக்கும் ஒதுக்குவாராக. எதிரணிச் சிறுவன் நன்றாக ஆடினால் நாமே முதலிற் கைதட்டுவோமாக. இவற்றுள் எதுவும் கடினமானதன்று. தேரோட்டத்தன்று வடம் பிடிக்க ஊரே திரளும்; நாள்தோறும் விளக்கேற்ற ஒருவர் வராவிடின் கோயில் இருண்டு கிடக்கும்.

வெற்றி தோல்வி யாருக்காயினும், வருகின்ற வெள்ளிக்கிழமை பின்னேரம் கல்லூரி வைரவரை வணங்கிவிட்டு எமது இளைய பிள்ளைகள் மைதானத்தில் இறங்குவர். அயற் கல்லூரிப் பிள்ளைகளும் வருவர். கொட்டகையில் எமக்கென்று ஓர் இருக்கை வெறுமையாக இருக்கின்றது. இம்முறை அங்கே சென்று அமர்வதாக முடிவு செய்துள்ளோம். பக்கத்து இருக்கையும் வெறுமையாகவே உள்ளது. அன்பர்களே, வருவீர்களாக.