எனக்கா வாசிக்கத் தெரியாது?



காலையில் அலுவலகம் வந்ததும் உங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதுதான் என் முதல் வேலை. பாராட்டு இருக்கும், திருத்தம் இருக்கும், சில நாள் கோபமும் இருக்கும். அப்படிக் கோபத்தோடு எழுதப்பட்ட ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இந்த மாதம் பேச ஆசைப்படுகிறேன். அது எழுதப்பட்டு ஏறக்குறைய 2,600 ஆண்டுகள் ஆகின்றன.

எழுதியவன் பெயர் ஓசாயா. யூதா நாட்டின் படையில் கீழ்நிலை அதிகாரியாக இருந்தவன் என்று கருதப்படுகிறது. உடைந்த பானையின் ஓடுதான் அவனுக்குக் காகிதம். உனக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாதா என்று மேலதிகாரி கேட்டுவிட்டார் போலிருக்கிறது. அந்த வார்த்தை வந்த நாளிலிருந்து மனசே சரியில்லை என்கிறான் ஓசாயா. கடவுள்மேல் ஆணையிட்டுச் சொல்கிறான்: இதுவரை யாரும் தனக்கு ஒரு கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டியிருந்ததில்லை, வரும் கடிதங்களைத் தானே வாசித்து, முழுவதையும் திருப்பிச் சொல்லவும் தன்னால் முடியும்.

இந்த ஓடு கிடைத்த ஊர் லாகீஸ். எருசலேமிலிருந்து தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில், இன்று ஒரு பெரிய மண்மேடு. எபிரேய வேதாகமத்தில் 20 முறைக்கு மேல் இதன் பெயர் வருகிறது. ஆனாலும் எருசலேம், எரிகோ, பெத்லகேம் என்று அடுக்குகிறவர்கள்கூட லாகீசைச் சொல்வதில்லை. வேதத்தில் அது பெரும்பாலும் வேறு யாருடைய கதையிலோ வந்துபோகும் பெயர். யோசுவா பிடித்த ஊர்களின் பட்டியலில் ஒன்று. அமத்சியா அரசன் தப்பி ஓடிவந்து கொலையுண்ட இடம். அசீரிய அரசன் சனகெரிப் பாளையமிறங்கியிருந்தபோது, யூதாவின் அரசன் எசேக்கியா பணிந்து ஆளனுப்பிய இடம். அன்று விதிக்கப்பட்ட கப்பம் 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் என்று வேதம் கணக்குச் சொல்கிறது. அந்தப் பாளையத்துக்கு எதிரே மதிலுக்குள் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்த இடத்தில் ஒரு வரிகூட இல்லை.

அந்த வரியை எதிரியின் அரண்மனைச் சுவர் சொன்னது. கி.மு. 701-இல் லாகீசைப் பிடித்த சனகெரிப், தன் தலைநகர் நினிவேயில் ஓர் அறை முழுக்க அந்த முற்றுகையைக் கல்லில் செதுக்க வைத்தான். 19-ஆம் நூற்றாண்டில் தொல்லியல் ஆய்வாளர் லேயார்டு தோண்டி எடுத்த அந்தப் பலகைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மதிலை நோக்கி மேலேறும் சாய்தளம், மேலிருந்து பறந்து வரும் தீப்பந்தங்கள், உயிரோடு தோலுரிக்கப்படும் மனிதர்கள். இவற்றுக்கு நடுவே, மாட்டுவண்டியில் மூட்டைகளோடும் பிள்ளைகளோடும் ஊரைவிட்டுப் போகும் குடும்பங்கள். என் கண் அந்த வண்டிகளைத்தான் தேடிப் போகிறது. அசீரியர் கல்லைக் கொட்டி எழுப்பிய அந்தச் சாய்தளத்தை லாகீசின் தென்மேற்கு மூலையில் இன்றும் பார்க்கலாம்.

வென்றவன் சொன்னது போர்க்கதை. ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதைக் கேட்க வேண்டுமானால் மண்ணைத்தான் தோண்ட வேண்டும். 2016-இல் அங்கே தந்தத்தால் ஆன சிறிய சீப்பு ஒன்று கிடைத்தது. உள்ளங்கையில் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். நீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான். ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடித்த பற்கள், மறுபக்கம் பேன் எடுக்கப் பதினான்கு நெருக்கமான பற்கள். நம் வீட்டுப் பேன்சீப்பேதான். சில ஆண்டுகள் கழித்துத்தான் அதன்மேல் நகக்கீறல்போல எழுத்துகள் இருப்பது ஓர் ஆய்வாளரின் கண்ணில் பட்டது. பதினேழு எழுத்துகள், ஏழு சொற்கள்: தலையிலும் தாடியிலும் இருக்கும் பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல். எழுத்தின் வடிவத்தை வைத்து இதன் காலத்தைக் கி.மு. 1700 அளவில் கணிக்கிறார்கள். கானானிய எழுத்தில் இதுவரை கிடைத்த மிகப் பழைய முழு வாக்கியம் இதுதான் என்கிறார்கள் வாசித்தறிந்தவர்கள். அந்தச் சீப்பின் பல்லிடுக்கில் பேனின் மிச்சமும் இருந்தது.

ஓசாயாவின் கடிதம் 1935-இல் கிடைத்தது. தோண்டியவர் ஸ்டார்க்கி. கோட்டை வாசலை ஒட்டிய ஓர் அறையில், எரிந்த சாம்பலுக்குள், எழுத்துள்ள ஓடுகள் பதினெட்டு இருந்தன. அது யூதாவைப் பிடிக்க வந்த பாபிலோனியர் வைத்த தீயின் சாம்பல். யூதாவின் அரணான நகரங்களில் லாகீசும் அசெக்காவும் மட்டுமே மிஞ்சியிருந்த ஒரு நேரத்தைத் தீர்க்கதரிசி எரேமியா குறிப்பிடுகிறார். ஓடுகளில் ஒன்று ஏறக்குறைய அதே நேரத்தைச் சேர்ந்தது. லாகீசின் தீ அடையாளங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்கிறது. அசெக்கா விழுந்துவிட்டதா, அல்லது பார்த்தவர் நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லையா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கோ, இருட்டில் தூரத்து வெளிச்சத்துக்காகக் கண் பூத்துக் காத்திருந்த அந்த மனிதர்களை விட்டு மனசு நகர மறுக்கிறது.

1938 ஜனவரியில் எருசலேமுக்குப் போகும் வழியில் ஸ்டார்க்கி கொல்லப்பட்டார். அவருடைய குழுவில் இருந்த ஓல்கா டஃப்னெல், கிடைத்த ஒவ்வொன்றையும் வகைப்படுத்தி எழுதும் பொறுப்பை ஏற்றார். அவருடைய கடைசித் தொகுதி 1958-இல் வெளிவந்தது. இருபது ஆண்டு உழைப்பு. ஓர் ஊரின் உடைந்த பானைகளுக்காக ஒருவர் தம் வாழ்நாளில் இத்தனை ஆண்டுகளைக் கொடுத்தார் என்பதை நன்றியோடு இங்கே பதிவு செய்கிறேன்.

லாகீசின் அரசர்களுடைய கல்வெட்டு எதுவும் இந்தக் கதையில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பேன் தொல்லையும், மனம் நொந்த ஒரு படைவீரனின் ரோஷமும்தான் அந்த ஊரை நமக்குப் பக்கத்து ஊராக்குகின்றன. எழுதியபோது அவை அற்ப விஷயங்கள்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில், டிரங்குப் பெட்டியில், சாமி அலமாரியின் அடித்தட்டில் பழைய எழுத்து ஏதாவது இருக்கும். தாத்தாவின் மொய் நோட்டு, பாட்டி எழுதிய மளிகைக் கணக்கு, வெளியூரில் வேலைக்குப் போனவர் போட்ட அஞ்சலட்டை. பழைய பேப்பரோடு எடைக்குப் போடும் முன் ஒருமுறை வாசியுங்கள். அதில் இருப்பதையும், அதை எழுதியவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கு இடம் வைத்திருக்கிறேன்.

வருகிற ஒவ்வொன்றையும் நானே வாசிப்பேன். ஓசாயாவைப் போல, ஒரு வரி விடாமல்.

அன்புடன்,
ஆசிரியர்