ஐநூறு ரூபாய்க்கு இறங்கச் சொல்கிறோம்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பேரம் நடந்தது. லாரி வந்து செப்டிக் டேங்கில் குழாய் விட்டு இழுத்து முடித்தாயிற்று. வீட்டுக்காரர் என்னைப் போலவே பென்ஷன்காரர். மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "அடியில மண்டி அப்படியே நிக்குதேப்பா. ஐநூறு சேர்த்துத் தரேன், இறங்கி வழிச்சு விட்டுடு" என்றார். லாரியில் வந்த பையன், "அதெல்லாம் இறங்கக் கூடாது சார்" என்று குழாயைச் சுற்ற ஆரம்பித்தான்.

"எவ்வளவு திமிரு பாருங்க" என்றார் என்னிடம். நான் பையன் பக்கம் பேசினேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

அந்த டேங்கைக் கடைசியாக எப்போது எடுத்தாராம்? பதினோரு வருஷம் முன்னால். வீட்டு வாசலுக்கு இரண்டு முறை கிரானைட் மாற்றியாயிற்று.

நானும் யோக்கியன் இல்லை. 1993-ல் திருமுல்லைவாயலில் வீடு கட்டியபோது மேஸ்திரி, "டேங்கெல்லாம் எதுக்கு சார்? நாலு உறை இறக்கிடலாம். அடியில பூசாம விட்டா தண்ணி தானா இறங்கிடும், லாரியே வேணாம்" என்றார். தலையாட்டினேன். இருபது அடி தள்ளி எங்கள் போர் இருந்தது. தண்ணீரில் வாடை வந்த பிறகுதான் புத்தி வந்தது. உறையை மூடி, ஒழுங்கான டேங்க் கட்ட, முதலில் மிச்சம் பிடித்ததைப் போல் மூன்று மடங்கு ஆயிற்று.

ஐந்து பேர் வீட்டுக்கு அரண்மனை ஒன்றும் வேண்டாம். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470 சொல்வது ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், தண்ணீர் மட்டம் ஒரு மீட்டர். ஆனால் இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். அப்போது மண்டி கூழாக இருக்கும், பம்பு இழுத்துவிடும். பத்து வருஷம் விட்டால் இறுகிவிடும், பம்புக்கு அசையாது. அப்போதுதான் நமக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறான். நாம் தள்ளிப்போட்ட லாரி வாடகையை அவன் உயிரால் கட்டச் சொல்கிறோம்.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். முரா என்ற பிரெஞ்சுக்காரர் 1881-ல் காப்புரிமை வாங்கிய தொட்டிதான் இதற்கு மூதாதை. அந்த மொழியில் இதற்குப் பெயர் ஃபோஸ் செப்டிக். ஃபோஸ் என்றால் குழி. பிணக்குழிக்கும் அதே சொல்தான்.

உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் இல்லை என்று நினைத்து இறங்குவான். அவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான். 2023 மே மாதம் மீஞ்சூரில் ஒரு தனியார் பள்ளியின் தொட்டியில் செத்தது இரண்டு பேர்.

"பாதாள சாக்கடை போடாதது அரசாங்கத்தின் குற்றம், வரி மட்டும் வாங்குகிறார்கள்" என்பார்கள். சரிதான். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆயிற்று. ஆனாலும் பல தெருக்கள் லாரியை நம்பித்தான் இருக்கின்றன. ஃபைல் எப்படி நகரும் என்பது குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தெரியாதா? ஆனால் இணைப்பு வரும்வரை அந்தத் தொட்டி என்னுடையது. 2013-ம் வருஷச் சட்டம், பாதுகாப்பில்லாமல் தொட்டியில் ஆளை இறக்குவதை மாநகராட்சிக்கு மட்டும் தடை செய்யவில்லை. எந்த நபரும் கூடாது என்கிறது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "அவனேதான் சம்மதிச்சு இறங்கினான்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. அதை அரசு கொடுக்கும். நம் பங்கு அந்த ஐநூறு.

என் டேங்க் மூடியில், கடைசியாக எடுத்த மாதத்தையும் வருஷத்தையும் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன். "கல்யாண நாளே ஞாபகம் இருக்காது, இதுக்கு மட்டும் தேதி" என்கிறாள் வீட்டுக்காரி.