கிராம்பிளிங்: பாதி சொல்லப்பட்ட வரலாறு

கிராம்பிளிங் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வரலாறு பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் விடாமுயற்சிக் கதையாகவே சொல்லப்படுகிறது. லூயிசியானாவின் சிற்றூர் ஒன்றில் கறுப்பினத்தவருக்கான சிறு கல்லூரி, 1941 முதல் 1997 வரை எடி ராபின்சன் என்னும் பயிற்சியாளர், 408 வெற்றிகள், தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றவர்கள் 200க்கும் மேல். எண்கள் மெய்யானவை. கதை பாதிதான்.

அத்தனை திறனும் அச்சிற்றூரில் குவிந்தது எதனால்? தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின இளைஞர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தன. 1960களின் பிற்பகுதியில் அவை திறக்கத் தொடங்கியபோது ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டன. பயிற்சியாளர்களை வாசலிலேயே நிறுத்தின. தென்கிழக்குக் கூட்டமைப்பின் பல்கலைக்கழகம் ஒன்று கால்பந்துக்கு முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரை நியமித்தது 2003 டிசம்பரில்! இதற்குச் சமத்துவம் என்று பெயரிடுவது மொழிக்கே இழுக்கு.

பல ஆண்டுகளாக மாநில அரசு உயர்கல்வி நிதியை வெட்டிவந்த நிலையில், 2013 அக்டோபரில் கிராம்பிளிங் ஆட்டக்காரர்கள் பூஞ்சை படிந்த பயிற்சிக்கூடம், நெடும் பேருந்துப் பயணங்கள் முதலிய குறைகளை எழுதிக்கொடுத்து, ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்துக்குச் செல்ல மறுத்தார்கள். ஆடாமலே தோற்றதாகக் கணக்கு எழுதப்பட்டது.

அது மரபுக்கு இழுக்கு என்போர் ஒன்றை யோசிக்க வேண்டும். இல்லாமையைச் சகித்துக்கொண்டு வென்ற தலைமுறைக்குச் சிலை வைப்பது எளிது. சகிக்க மறுத்த தலைமுறைக்கு வரலாற்றில் ஒரு பத்தியாவது ஒதுக்குவதுதான் நேர்மை.