மைலேஜ் மகான்களே!

"லிட்டருக்கு 22 குடுக்குது பாஸ்" என்று மார்தட்டும் நண்பர்களே, நானும் உங்களில் ஒருவன்தான். ஓ.எம்.ஆரில் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டமாட்டேன். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்று கல்லூரியில் படித்தது வீண்போகவில்லை. டயரில் காற்று கச்சிதம். சிக்னலில் இஞ்சினை அணைத்துவிடுவேன்.

ஆனால் கேளம்பாக்கத்தில் முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்குப் பால் வாங்கவும் காரில்தான் போவேன். சூடேறாத இஞ்சின் இந்தக் குட்டித் தூரத்தில்தான் பெட்ரோலை அதிகம் குடிக்கும். சிக்கனமாம்!

இப்போது நடக்கிறேன். கோவளம் சாலையில், உப்பங்கழியை ஒட்டி. சீசனில் பூநாரைகள் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றை அலசிக்கொண்டிருக்கும். ஏசிக்காக இஞ்சினை ஓடவிட்டபடியே கண்ணாடியை இறக்கிப் படமெடுப்பவர்களும் உண்டு. போகட்டும்.

என் கோபம் வேறு. நடப்பவருக்கு இங்கே ஓரம் எங்கேய்யா இருக்கு? அங்கே நம் கார்கள் நிற்கின்றன. கைக்குழந்தையோடு பஸ்ஸுக்கு ஓடும் அம்மா, லாரிக்கும் நம் பம்பருக்கும் நடுவே புகுந்து போகிறார். அவர் காருக்கென்று ஒரு சொட்டு பெட்ரோல்கூட எரித்ததில்லை. சிக்கனப் பெருமை மட்டும் நமக்கு.

போன வாரம் அவர் அப்படிப் புகுந்து போனது, நான் பூநாரை பார்க்க நடக்கக் கிளம்பியபோது ஓரமாக நிறுத்திவிட்டுப் போன என் வண்டியைச் சுற்றித்தான்.